அந்தோனியாருக்கு ஒரு வெள்ளிக் காது

என் மனைவியின் இடது காதைக் கெடுத்தவன் ஜப்பான்காரன் அல்ல, நான். இந்த ஒரு வரியை எழுத எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. கொட்டாஞ்சேனையில் எங்களைத் தெரிந்த அத்தனை பேரும் அவளைக் குண்டுச் சத்தத்தில் காது போனவள் என்றுதான் சொல்லிவந்தார்கள். புதிதாக யாராவது வீட்டுக்கு வந்தால் அந்தக் கதையைக் கேட்பார்கள். அவள் சுருக்கமாகச் சொல்லுவாள். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டுவேன். போன வருடம் அவளைச் சேமக்காலையில் அடக்கம் செய்த அன்றும் ஒருவர் அதைச் சொல்லி உச்சுக்கொட்டினார். அப்போதும் தலையாட்டினேன்.

அது சண்டைக் காலம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியின் கந்தோரில் நான் கிளாக்கராக இருந்தேன். கலியாணம் முடித்து ஒன்றரை வருடம். ஒரே வளவுக்குள் நாலு வீடுகள். கடைசி வீடு எங்களுடையது. கிணற்றடிக்குப் பின்னால் நாலு வீட்டாரும் சேர்ந்து ஒரு பதுங்குகுழி வெட்டியிருந்தோம். வெட்டினோம் என்று சொல்வதும் பொய். மற்றவர்கள் வெட்டினார்கள், நான் வெள்ளைக் கால்சட்டையில் மண் படாமல் நின்று முறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கந்தோரில் விமானத் தாக்குதல் பற்றி மூன்று நாள் வகுப்பு வைத்திருந்தார்கள். அந்த மூன்று நாளில் நான் ஒரு தளபதியாகிவிட்டேன். மாலையில் வளவுச் சனத்தைக் கூட்டி வைத்துப் பாடம் எடுப்பேன். குண்டு விழும்போது குப்புறப் படுக்க வேண்டும், வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், காதில் பஞ்சு அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் காதுச் சவ்வு கிழிந்துவிடும் என்று சொல்லி, வீட்டுக்கு ஒரு பொட்டலம் பஞ்சும் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பஞ்சை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தார். கணவனை இழந்து தனியே இருந்தவர். என் மனைவியைப் பிள்ளை என்றும் என்னைத் தம்பி என்றும் கூப்பிடுவார். நான் சொன்ன எல்லாவற்றையும் நம்புவார். அதுதான் பிறகு என் கழுத்தைப் பிடித்தது.

உயிர்த்த ஞாயிறு அன்று காலையில் ஜப்பான்காரன் வந்தான். நாங்கள் முதல் பூசைக்குப் போய் வந்து சாப்பிட இருந்தோம். நாற்பது நாள் தவசுக்குப் பிறகு வீட்டில் முதல் இறைச்சிக்கறி. அவள் குசினியில் அப்பம் சுட்டுச் சுட்டு அனுப்ப, நான் மேசையில் இருந்து ஒரு வெட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று துறைமுகப் பக்கம் பீரங்கிகள் முழங்கின. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஞாபகம் இல்லை. குழிக்குள் இருந்ததிலிருந்துதான் ஞாபகம் இருக்கிறது. நாலு வீட்டில் முதல் ஆளாகக் குழிக்குள் இருந்தவன் நான். பிறகு ஒவ்வொருவராக வந்து விழுந்தார்கள். அக்கா செபமாலையோடு வந்தார். என் மனைவி கடைசியாக வந்தாள். அடுப்பில் கிடந்த விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து, அக்காவின் வீட்டுக் கதவையும் சாத்திவிட்டு வந்திருக்கிறாள். வந்து என் பக்கத்தில் குந்தியவள் என் கையைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். கையில் பாதி அப்பம் இருந்தது. பஞ்சுப் பொட்டலம் மேசை லாச்சியில் கிடந்தது.

அந்தச் சத்தத்துக்குள்ளும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அக்கா அவள் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவினார்.

அன்று எங்கள் வளவில் யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. அவளுடைய இரண்டு காதும் நன்றாகத்தான் இருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் கந்தோர்க் கிளாக்கர்மார் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். குண்டு விழுந்த அந்த ஒரு கிழமைக்குள் கொழும்பு பாதி காலியாகிவிட்டது. அவர்களும் பெண்சாதி பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்கு றெயில் ஏற்றிவிட்டு, வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி தர ஆளில்லாமல் அலைந்தவர்கள். பேச்சு எங்கே போகும்? குண்டுக் கதைதான். ஒருவர் கூரையில் ஏறி நின்று விமானத்தை எண்ணினாராம். மற்றவர் ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம். என் முறை வந்தது. பீரங்கி கேட்டதும் குசினிக்குள் பாய்ந்து மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குழிக்குள் இறக்கிவிட்டு, பிறகுதான் நான் இறங்கினேன் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது உண்மை போல் இருந்தது.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவளுக்குப் பொறுக்கவில்லை. பகையில் அல்ல, பகிடியில்தான் சொன்னாள்.

"ஐயோ, இவர் சொல்லுறதை நம்பாதேங்கோ. இவர் காப்பாத்தினது அப்பத்தை. என்னை நான்தான் காப்பாத்தினனான்."

பிறகு முழுக்கதையையும் சொன்னாள், கையில் அப்பத்தைப் பிடித்துக்கொண்டு நான் குந்தியிருந்த மாதிரியை நடித்தும் காட்டினாள். அவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போகும்போது ஒருவர் படியில் நின்று, "அப்பம் பத்திரம், ஐசே" என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்குக் கந்தோர் முழுக்க இது போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். அவள் இன்னும் சிரித்துக்கொண்டே கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தாள். "கோவமே உங்களுக்கு?" என்று கேட்டாள். நான் அடித்தேன். ஒரே ஒரு அடி. கை விரித்து அடித்திருந்தால் கன்னம் சிவந்ததோடு போயிருக்கும். என் உள்ளங்கை குவிந்திருந்தது. அது அப்படியே காதை மூடி விழுந்தது. பேப்பர்ப் பையை ஊதி உடைத்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

அவள் அழவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். யாரிடமோ சொல்வதுபோல், "உள்ளுக்குக் காத்துப் போகுது" என்றாள். பிறகு, "சங்கு ஊதுற மாதிரிக் கேக்குது. உங்களுக்குக் கேக்கேல்லையோ?" என்றாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

காலையில் அக்கா வந்தபோது அவள் காதைப் பொத்திக்கொண்டு விறாந்தைச் சுவரோடு சாய்ந்திருந்தாள். படுத்தால் குத்துகிறது என்று இருந்தபடியேதான் கண்ணயர்ந்திருக்கிறாள். தலையணையில் சிறு பொட்டாக இரத்தம் இருந்தது.

"என்ன பிள்ளை காதுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு சப்பாத்தையும் கட்டி முடித்த பிறகும் நிமிரவில்லை.

"எனக்கு விளங்கீட்டுது," என்றார் அக்கா. "உயிர்த்த ஞாயிறு அண்டைக்கு வெடிச்ச வெடிதான். தம்பி சொன்னதுதானே, சவ்வு கிழியும் எண்டு. உடனை தெரியாது, பிறகுதான் வேலையைக் காட்டும். பஞ்சு வைச்சனீயோ?"

"இல்லையக்கா," என்றாள் அவள்.

நான் பொய் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்குள் வாதாடியிருக்கிறேன். பொய்யைச் சொன்னது அக்கா. நான் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த விறாந்தையில் உண்மை தெரிந்த வாய் இரண்டு இருந்தன. அவளுடைய வாய் எனக்காக மூடியிருந்தது. என்னுடையது எனக்காகவே மூடியிருந்தது.

எங்கள் தெரு முனையில் ஒரு பறங்கி டொக்டர் இருந்தார். என் தகப்பனுக்கும் அவர்தான் பார்த்தவர். அவரிடம் அன்றைக்கே போயிருந்தால் காது தப்பியிருக்கும். போகாததற்குக் காரணம் ஒன்றே ஒன்று: அவர் கெட்டிக்காரர். காதைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். அதனால் கந்தோரில் அரை நாள் லீவு போட்டு, கோட்டையில் றெயில் ஏறி, என்னை யாருக்கும் தெரியாத வெள்ளவத்தைக்குப் போனேன். அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஸ்டேசனுக்கு மேலே ஒரு மருந்துச் சாலையில் இருந்த அப்போத்திக்கரியிடம், மனைவிக்குக் காதுக்குத்து என்று சொன்னேன்.

அவர் நல்ல மனிதர், கேட்க வேண்டியதைக் கேட்டார். "ஏதும் அடிபட்டதோ? காதுக்குள்ளை ஏதும் குத்துப்பட்டதோ?"

"அப்பிடி ஒண்டுமில்லை," என்றேன்.

"ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே."

"பிரயாணம் பண்ணப் பயப்படுறா."

பயப்பட்டது யார் என்று சொல்லத் தேவையில்லை. அவர் நீலப் போத்தலில் சொட்டு மருந்து கலந்து தந்தார். இளஞ்சூடாக்கி ஒரு நாளைக்கு மூன்று தரம் விட வேண்டும்.

திரும்பி வந்து, போத்தலை வெந்நீர்க் கோப்பையில் வைத்துச் சூடாக்கி, அவளைச் சரிந்து படுக்க வைத்து, என் கையாலேயே விட்டேன். ஐந்து சொட்டு. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் இறங்கியது. உடம்பு முழுக்க ஒருமுறை வில்லாக வளைந்து விழுந்தது. அறை சுற்றுகிறது என்றாள், சத்தி எடுத்தாள். கொஞ்சம் ஆறியதும் நாக்கைச் சப்பிப் பார்த்துவிட்டு, "தொண்டையிலை கைக்குது," என்றாள். "காதிலை விட்ட மருந்து எப்பிடி வாய்க்கு வரும்?"

காதில் விட்டது தொண்டைக்கு வருகிறதென்றால் நடுவில் இருந்த சுவர் போய்விட்டது என்று அர்த்தம். இதற்கு டொக்டராக இருக்கத் தேவையில்லை. எனக்கு விளங்கியது. விளங்கியும் பின்னேரம் ஐந்து சொட்டு விட்டேன். அடுத்த நாளும் விட்டேன், அதற்கு அடுத்த நாளும் விட்டேன். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்ற கேள்வி வரும். அதோடு, மருந்து விட்டுக்கொண்டிருந்தால் நான் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு ஒரு ஆறுதல். அவள் ஒரு தரமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் போத்தலை எடுக்கும் சத்தம் கேட்டால் சேலைத் தலைப்பை உருட்டிப் பல்லுக்குள் வைத்துக்கொள்வாள். அதைப் பார்த்தபடி நான் சொட்டு எண்ணினேன்.

நாலாம் நாள் காய்ச்சல் ஏறியது. காதிலிருந்து சீழ் வந்தது, காதுக்குப் பின்னால் எலும்பு வீங்கியது. அக்கா வந்து மூக்கைச் சுருக்கினார். ரிக்‌ஷாவை வளவு வாசலுக்குக் கூப்பிட்டு அவளை ஏற்றிவிட்டார். நானும் அக்காவும் பின்னால் நடந்தோம், அதே தெரு முனைக்கு, அதே பறங்கி டொக்டரிடம்.

டொக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடியை மாட்டி வெகுநேரம் பார்த்தார். பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவள் கதிரையின் கையைப் பிடித்திருந்தாள். டொக்டர் என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்.

"இதுக்குள் மருந்து விட்டது யார்?"

"நான்தான்," என்றேன். அந்த அறையில் நான் சொன்ன ஒரே உண்மை அது.

"சவ்வு கிழிந்திருக்கிறது. கிழிந்த காதுக்குள் ஒரு சொட்டும் விடக்கூடாது. சும்மா விட்டிருந்தால், காயவிட்டிருந்தால், ஒரு மாதத்தில் தானாக மூடியிருக்கும். இப்போது உள்ளே எல்லாம் பழுத்துவிட்டது." பிறகு அவள் பக்கம் திரும்பி, எங்களுடைய தமிழில், மெதுவாகக் கேட்டார். "இது எப்பிடி வந்தது, மகள்?"

அக்கா வாயைத் திறந்தார். டொக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அவள் சொன்னால் முடிந்தது, ஊரெல்லாம் தெரிந்துவிடும். நான் சொன்னாலும் முடிந்தது. ஆனால் நான் சொல்லியிருந்தால் அவளுக்கு அது மருந்தாக இருந்திருக்கும், இது எனக்கு அந்த நிமிடமே தெரியும். சொல்ல வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. வந்ததை இருமித் தள்ளினேன்.

"குண்டு வெடிச்ச சத்தத்திலை, டொக்டர்," என்றாள் அவள். "உயிர்த்த ஞாயிறு."

டொக்டர் அதை எழுதவில்லை. பேனையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார், பிறகு பேனையை மூடினார். "இனி நான் சொல்லுறதை மட்டும் செய்," என்று எனக்குச் சொன்னார். அதுவரைக்கும் என்னை அவர் ஒருமையில் பேசியதில்லை.

அதற்குப் பிறகு ஐந்தாறு கிழமை அவளுடைய வலியைப் பார்த்துக்கொள்வதே என் வேலையாக இருந்தது. உப்பை ஓட்டில் வறுத்துத் துணியில் முடிந்து, என் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, பிறகு அவள் காதுக்கு வெளியே ஒத்துவேன். டொக்டர் தந்த மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பேன். வாயை அசைத்தால் குத்துகிறது என்பதால் கஞ்சிதான். அதையும் நானே வைப்பேன். மூக்குச் சிந்தக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது, ஒரு துளி தண்ணீர் படக்கூடாது. தலையணை மூன்றை அடுக்கி நிமிர்த்தி வைப்பேன். காதுக்கு வெளியே வைக்கும் பஞ்சை மணிக்கொருதரம் மாற்றுவேன். மேசை லாச்சியில் கிடந்த அதே பஞ்சு. வளவில் கொடுத்த பொட்டலங்களையும் கேட்டு வாங்கினேன். அக்கா மாதாவுக்குப் பக்கத்தில் இருந்ததையும் எடுத்துத் தந்தார்.

வலி ஒரேயடியாகப் போகவில்லை. காலையில் கொஞ்சம் விடும், வெயில் ஏற ஏற ஏறும். அவளுக்கு வலி கூடும்போது என்னால் உட்கார முடியாது. குறையும்போது அதைவிடக் கஷ்டம், ஏனென்றால் அப்போது அவள், "நீங்கள் ஏதும் சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பாள்.

வளவில் என் பெயர் ஏறிக்கொண்டே போனது. "இப்பிடி ஒரு புருஷன் எங்கை கிடைக்கும்," என்று அக்கா கிணற்றடியில் சொல்வது எனக்கு உள்ளே கேட்கும். மற்ற வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மாருக்கு என்னைக் காட்டினார்கள். கந்தோரிலும் அப்பக் கதை அடங்கிப்போனது. குண்டில் காது போனவளின் கணவனைப் பகிடி பண்ண யாருக்கு மனம் வரும்? துரைகூட ஒருநாள் கூப்பிட்டு விசாரித்தார். கேவலம் என்னவென்றால், சில நேரம் அந்தப் புகழ் எனக்கு இனித்தது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன், சுவாமி, என்றேன். எத்தனை தரம் என்று கேட்டார். ஒரு தரம் என்றேன். இனிக் கோபப்படாமல் இரு என்று சொல்லி மூன்று அருள் நிறைந்த மந்திரம் கொடுத்தார். மூன்றையும் முழங்காலில் நின்று சொல்லி முடித்தேன். அந்தோனியார் சுரூபத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவருக்கு அக்கா ஒரு நேர்த்தி வைத்திருந்தார். பிள்ளைக்கு வலி நின்றால் வெள்ளியில் ஒரு காது செய்து சாத்துவதாக. மே மாதக் கடைசியில் வலி நின்றது. சீழும் நின்றது. கேட்கும் சக்தி திரும்பவில்லை. டொக்டர் அவளுடைய நல்ல காதைப் பஞ்சால் அடைத்துவிட்டு, மற்றக் காதருகே கைக்கடிகாரத்தைப் பிடித்தார், பிறகு மேசை மணியை அடித்தார். அவள் எங்கள் முகத்தைப் பார்த்து, அடித்துவிட்டார்களா என்று தேடினாள். டொக்டர் மணியைத் திரும்ப மேசையில் வைத்தார்.

ஆனால் நேர்த்தி வலிக்குத்தானே, காது கேட்பதற்கு அல்ல என்றார் அக்கா. ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் துறைமுகப் பக்கத்து அந்தோனியார் கோயிலுக்கு நடந்தோம். வாசலில் மெழுகுதிரி விற்கும் சிங்களப் பெண்ணிடம் வெள்ளித் தகட்டில் கண், கை, கால், குழந்தை எல்லாம் இருந்தன. காதில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அது வலது காது.

"இடது இல்லையோ?" என்று அக்கா கேட்கச் சொன்னார். நான் சிங்களத்தில் கேட்டேன். "புனிதர் குழம்ப மாட்டார், மாத்தயா," என்று சொல்லி அந்தப் பெண் சிரித்தாள். அக்கா அந்தக் காதை என் கையில் தந்தார். "நீதான் கொண்டுபோக வேணும், தம்பி. நீதானே பட்டனீ."

செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளிக் காதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சனத்துக்கு நடுவில் நடந்தேன். விஷயம் அறிந்த கொட்டாஞ்சேனைப் பெண்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு கிழவி என் கையைத் தொட்டு முத்தமிட்டாள். தகட்டுக்கு எடையே இல்லை, ஆனால் நான் தலையைக் குனிந்தபடியே நடந்தேன். அக்கா அதைப் பக்தி என்று நினைத்திருப்பார். சுரூபத்தின் காலடியில் இருந்த பட்டியில் மற்றக் கைகால்களோடு அதையும் கொளுவினேன்.

அக்கா மெழுகுதிரி கொளுத்த நின்றுவிட்டார். நாங்கள் இருவரும் வெளியே வந்து மதில் ஓரமாக நடந்தோம். அவள் எனக்கு வலப்பக்கம் நடந்தாள், அதாவது அவளுடைய இடது காது என் பக்கம். இப்போது சொல்லாவிட்டால் செத்துப்போவேன் போல் இருந்தது. முகத்தை முன்னால் வைத்தபடியே, நடையை நிறுத்தாமல், மெல்லிய குரலில் சொன்னேன்: "நான்தான் உம்மை இப்பிடி ஆக்கினனான். வெள்ளவத்தையிலை அந்த ஆள் கேட்டவர், அடிபட்டதோ எண்டு. நான் இல்லை எண்டு சொன்னனான். என்னை மன்னிச்சுக்கொள்ளும்."

எந்தக் காதுக்குள் அதைச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு ஆசை. தெரியும். நல்ல காது என் பக்கம் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் நின்றாள். நான் ஏதோ பேசினேன் என்பது என் தாடை அசைந்ததில் தெரிந்திருக்கும். என் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, சேலையை ஒதுக்கிக்கொண்டு, சுற்றி வந்து என் மற்றப் பக்கத்தில் நின்றாள். தலையைக் கொஞ்சம் சரித்து, நல்ல காதை எனக்குத் தந்தாள்.

"இந்தப் பக்கம் சொல்லுங்கோ," என்றாள்.

அவள் காத்திருந்தாள். அப்பக் கதையைச் சொல்லிச் சிரித்த முகம் அல்ல அது. அந்தக் கதையை அவள் பிறகு வாழ்நாளில் சொன்னதும் இல்லை. ஆனால் கோபமும் இல்லை. கேட்கத் தயாராக இருந்தாள், அவ்வளவுதான். எத்தனை நேரம் அப்படி நின்றாள் என்று தெரியாது. ஒரு மனிதன் மூன்று வார்த்தை சொல்வதற்குத் தாராளமான நேரம்.

"மழை வரும் போலை இருக்கு," என்றேன். "கெதியா நடப்பம்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். பகல் வெயில் கண்ணைக் குத்தியது. சேலைத் தலைப்பை இழுத்து, மழைக்குப் போடுவது போல் தலையில் போட்டுக்கொண்டு, என்னோடு கெதியாக நடந்தாள்.